இவானின் வலது கை

மேல்பிரிவு லயம், புக்கிட் செராய் தோட்டம், மந்தின்
8 அக்டோபர் 2023

என் அக்கா கேரலுக்கு,

தங்கச்சி எல்சி எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நாங்கள் மூவரும் தின்று தூங்கி நன்றாகவே இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? "சிஸ்டருக்கு மரியாதயா எழுதுலா" என்கிறார் வீட்டுக்காரர் ஆம்புரோஸ். சரவாக் மடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நீ எனக்கு அக்கா இல்லாமல் போய்விடுவாயா? போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம், திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அதுவும் கிடையாது. இதில் மரியாதை வேறு கேட்கிறதோ? நீ என்றுதான் எழுதுவேன்.

இவானுக்கு ஐந்து மாதம் முடிந்தது. சரியான வால் பையன். எதைக் காட்டினாலும் இடது கை சட்டென்று நீளும். கிலுகிலுப்பையை வலது பக்கம் வைத்தாலும் இடது கையை வளைத்துக்கொண்டு போய் எடுக்கிறான். வலது கையை மட்டும் எப்போதும் இறுக்கி மூடியே வைத்திருக்கிறான், என்ன ரகசியமோ. "எம் மவன் பீச்சாங்கைக்காரன்லா, பேட்மிண்டன்ல ஒரு அடி அடிச்சான்னா எவனும் எடுக்க முடியாது" என்று இவர் வேலை வாங்குகிற மண்டோரிலிருந்து லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிற ஆட்கள் வரை சொல்லித் திரிகிறார். பக்கத்து வீட்டு மங்கம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "சோத்துக்கையால சாப்புடாத புள்ளைய நாலு பேரு முன்னால எப்படி ஒக்கார வைப்ப?" என்கிறார். பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை!

சீக்கிரம் பதில் போடு. இவான் தன் பெரியம்மாவுக்கு எச்சில் முத்தம் அனுப்புகிறான்.

எல்சி

*

மடம், சரவாக்
3 நவம்பர் 2023

அன்புள்ள எல்சிக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். முட்டிவலி என்னைவிடப் பக்தியாக இருக்கிறது. ஜெபத்துக்கு எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது.

இவானைப் பற்றி எழுதியதை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், சிரித்தோம். ஒன்றிரண்டு கேட்கிறேன். வலது கையை மூடும்போது கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறதா? சட்டை போடும்போது அந்தக் கை விறைப்பாக இருக்கிறதா? கால் இரண்டும் ஒரே மாதிரி உதைக்கிறானா? பிள்ளைகள் முதல் வயதில் பொதுவாக இரண்டு கையையும் நீட்டும். ஏன் கேட்கிறேன் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்த காலத்துப் பழக்கம், மடத்துக்கு வந்தும் விட்டுத் தொலையவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேள். ஆம்புரோஸுக்கு என் வணக்கம்.

உன் அக்கா
கேரல்

*

மந்தின்
9 ஜனவரி 2024

அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

கட்டைவிரல் உள்ளேதான் மடங்கியிருந்தது. கால் ஒன்று சோம்பலாகத்தான் உதைத்தது. நீ கேட்டபிறகுதான் கவனித்தேன், பெற்ற தாய்! சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். என் வயிற்றில் இருக்கும்போதே மூளையின் இடது பக்கத்துக்கு ரத்தம் போகாமல் ஒரு துண்டு செத்துவிட்டதாம். ஸ்ட்ரோக் என்கிறார் டாக்டர். "அது வயசானவங்களுக்கு வர்றது இல்லையா டாக்டர்?" என்று இவர் கேட்டதற்கு, அந்த மனுசன் ஸ்கேன் படத்தைத் திருப்பி அந்தத் துண்டைக் காட்டினார்.

என் வயிற்றுக்குள் நடந்திருக்கிறது அக்கா. அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மீன் ஆய்ந்துகொண்டிருந்தேனா? டிவி பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தேனா? பிள்ளைக்கு மூளை சாகிறது, அம்மாக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீ கட்டைவிரலைக் கேட்டபோதே உனக்குத் தெரியுமா?

எல்சி

*

மடம், சரவாக்
26 ஜனவரி 2024

அன்புள்ள எல்சி,

உன் கடிதத்தைக் கோவிலில் வைத்துத்தான் படித்தேன். கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ மீன் ஆய்ந்ததாலோ சிரித்ததாலோ இது வரவில்லை. இதை நாள்தோறும் உனக்கு நீயே சொல்லிக்கொள்.

மனம் உடைந்துவிடாதே. சிறு பிள்ளையின் மூளை தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அந்த வரம் கிடையாது. நான் அந்த வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இவ்வளவு தூரத்திலிருந்து நான் வைத்தியம் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கையை அன்பாகப் பார்த்துக்கொள். நாங்கள் எல்லாரும் ஜெபிக்கிறோம்.

உடம்பைக் கவனி. சாப்பிடு.

கேரல்

*

மந்தின்
5 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து "தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்" என்ற வரியைத் தினமும் படிக்கிறேன். இவருக்கும் படித்துக் காட்டினேன். நீ சுகம்தானே?

இப்போது எனக்கு ஒரு முடிவு வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஷாமினி என்ற பெண், இவானின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு வலது கையால் விளையாட வைக்கச் சொல்கிறாள். செய்தேன். பிள்ளை கத்திய கத்தலில் முகம் நீலம் பாரித்துவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டு நோயாளிக் கையை வேலை வாங்குவது எந்த ஊர் நியாயம்? கீழ்ப்பிரிவில் சுளுக்கு எடுக்கிற சன்னாசி அண்ணன் பார்த்துவிட்டு, "நோவுபட்ட கைய ஆட்டக்கூடாதும்மா. அசையாம கட்டி வெச்சா நரம்பு தானா கூடும்" என்கிறார். இவர் லோரியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது ஆஸ்பத்திரிக்காரர்களே மாவுக்கட்டுப் போட்டு அசைக்காதே என்றுதானே சொன்னார்கள்?

அதனால் ஒரு நேர்ச்சை வைக்கலாம் என்று இருக்கிறேன். நம் தோட்டத்துக் கோவிலில் புனித அன்னம்மாள் சுரூபத்தைத் துடைத்த துணியை எண்ணெயில் நனைத்து, திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, தவக்காலம் முழுக்க, இவானின் வலது கையில் சுற்றி வைப்பது. கை ஓய்வெடுக்கும், மூளை அதற்குள் தன் வழியைக் கண்டுபிடிக்கும்.

இந்த வேலை பார்த்தவள் நீ. நீ சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு. கூடாது என்றால் ஒரே ஒரு வரி போடு. தவக்காலம் தொடங்கிய பிறகு வந்தாலும் அந்த நிமிஷமே அவிழ்த்துவிடுவேன். ஒன்றும் வராவிட்டால் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். இவர் இன்றே மந்தின் போஸ்ட் ஆபீசில் போட்டுவிடுவார். தவக்காலம் தொடங்குவதற்குள் உன் கைக்கு வந்துவிடும்.

எல்சி

*

மந்தின்
10 மார்ச் 2024

அக்காவுக்கு,

ஈஸ்டருக்குப் பிறகுதான் இதைப் பிரிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் யாரிடம் சொல்வேன்? உன்னிடமிருந்து வரி எதுவும் வரவில்லை. வராத கடிதத்துக்கு நன்றி!

தோளிலிருந்து விரல்நுனி வரை சுற்றியிருக்கிறேன். குளிப்பாட்டும்போதுகூட அந்தக் கையை நீட்ட விடுவதில்லை. முதலில் பிய்த்துப் போடப் பார்த்தான், இப்போது பழகிவிட்டது. இடது கையை ஊன்றி ஒரு பக்கமாக இழுத்து இழுத்து வீடு முழுக்கத் தவழ்கிறான். ஷாமினி போன் பண்ணி ஏன் வரவில்லை என்று கேட்டாள். ஈஸ்டர் முடியட்டும் என்றேன். அவளுக்குக் கோபம். "அக்கா, இந்த மாசமெல்லாம் போனா திரும்ப வராதுக்கா" என்றாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

இவர் பீர் குடிப்பதை விட்டுவிட்டார். மங்கம்மா அவர்கள் கோவிலில் செவ்வாய்க்கிழமை விரதம் பிடிக்கிறார். லயத்து வீடு அத்தனையும் இந்தக் கைக்காகக் காத்துக் கிடக்கிறது. எனக்கு இப்போது பயமே இல்லை அக்கா. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன்.

எல்சி

*

மடம், சரவாக்
1 ஏப்ரல் 2024

எல்சி,

ஈஸ்டர் வாழ்த்தெல்லாம் பிறகு. துணியை அவிழ்த்துவிட்டாயா? அவிழ்க்கவில்லை என்றால் இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அவிழ்.

மதர் உன் இரண்டு கடிதங்களையும் நேற்றுத்தான் தந்தார். முதல் கடிதம் சீனப் பெருநாள் விடுமுறையில் எங்கோ கிடந்துவிட்டு, திருநீற்றுப் புதனுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தவக்காலக் கடிதங்கள் ஒரு பெட்டியில் கிடக்கும். நான் அந்தப் பெட்டியைத் தினமும் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போனேன்.

இதை நான் ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு மூளையின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகளுக்கும் வழி போகும். வளர வளர, நடமாட்டம் இருக்கிற வழி நிலைக்கும், மற்றது அடைந்துவிடும். தோட்டத்தில் ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையை லாலாங் புல் மூடிவிடுவதைப் போலத்தான். வலது கைக்கு உரிய வழி இடது மூளையில் இருக்கிறது. அங்கேதான் இவானுக்கு அடி. அதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். அந்தக் கை அசைந்து அசைந்துதான் அந்த மிச்சம் பிழைக்கும். அசையாவிட்டால், நல்ல பக்கம் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு அது விட்டுத் தராது. எலும்பு முறிவுக்குக் கட்டு நல்லது. இது எலும்பு இல்லை எல்சி.

மூளை தானே வழி கண்டுபிடிக்கும் என்று எழுதினேன். எந்த வழியை என்று எழுதவில்லை. ஷாமினி சொன்னதுதான் சரி. நாளைக்கே அவளிடம் போ. பிள்ளை அழுதால் அழட்டும்.

கேரல்

*

மந்தின்
12 மே 2024

என் தங்க அக்காவுக்கு,

நீயும் மதரும் மற்ற சிஸ்டர்மாரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்! நீ பயந்தாயே, திட்டினாயே, எல்லாம் கிடக்கட்டும். கேள் இதை!

ஈஸ்டர் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வைத்துத் துணியை அவிழ்த்தோம். கை வெளுத்துத் துவண்டு கிடந்தது. ஒன்றும் இல்லை. இவர் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. உன் கடிதம் வந்ததும் ஷாமினியிடம் ஓடினேன், அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். போன வாரம் இடது கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தேன். அவன் விரல்களை மூடுகிறான், வலது கை விரல்களும் கூடவே மூடுகின்றன! பிஸ்கட்டை விட்டான், வலது கையும் திறந்தது! திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். இது என்ன செய்கிறதோ அதையே அதுவும் செய்கிறது. செத்துக் கிடந்த கை அக்கா! இவர் லோரியை வழியிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்து முட்டி போட்டு அழுதார். மங்கம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

நன்றிப் பூசை வைத்து லயம் முழுக்கச் சோறு போட்டோம். ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்கு வெள்ளியில் ஒரு சின்னக் கை செய்து கொண்டுபோகிறோம். ஷாமினிதான் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவோம்க்கா" என்றாள், அவ்வளவுதான். பொறாமையோ என்னவோ.

நல்ல பக்கம் இடத்தைப் பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டுமே, கை அசைகிறதே! ஒரு வரி எழுது அக்கா. இது அன்னம்மாள் செய்த புதுமைதானே?

எல்சி, ஆம்புரோஸ், இரண்டு கை இவான்

*

மடம், சரவாக்
20 ஜூன் 2024

அன்புள்ள எல்சிக்கு,

இறைவன் உங்கள் மூவரையும் காப்பாராக. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே நல்ல வெயில். முட்டிவலிக்கு ஒரு புது எண்ணெய் தந்திருக்கிறார்கள். தோட்டத்தில் பயற்றங்காய் நிறையக் காய்த்திருக்கிறது, எனக்குத்தான் பறிக்கிற வேலை.

ஷாமினி தருகிற பயிற்சியை ஒரு நாள்கூட விடாதே. பெரிய டாக்டரையும் பார். வெள்ளிக் கைக்கு அவசரம் இல்லை. அன்னம்மாள் காத்திருப்பார்.

ஆம்புரோஸை லோரியைப் பார்த்து ஓட்டச் சொல்.

கேரல்

*

மந்தின்
18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

உன் முட்டி, உன் பயற்றங்காய் எல்லாம் சுகமாக இருக்கட்டும்.

வெள்ளிக் கையைக் கொண்டுபோய்க் காணிக்கை போட்டுவிட்டோம். கூட்டத்தில் முண்டியடித்து, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "புதுமை, புதுமை" என்று கத்தினேன். நம் ஜனங்கள் அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

போன வாரம் பெரிய டாக்டரைப் பார்த்தோம். வலது கைக்கு மூளையில் தனக்கென்று வழி இல்லையாம். இருந்த மிச்சமும் போய்விட்டதாம். நல்ல பக்கம் இரண்டு கையையும் சேர்த்து ஓட்டுகிறதாம். அதனால்தான் ஒன்று மூடினால் இன்னொன்றும் மூடுகிறது. "ஒரே ஸ்டியரிங்ல ரெண்டு லோரியா டாக்டர்?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்றார். ஒரு கையால் போத்தலைப் பிடித்து மறு கையால் மூடியைத் திருகுவது அவனுக்குப் பெரும்பாடாக இருக்குமாம். நான் எதைப் பார்த்துச் சோறு போட்டேனோ, அதுதான் வழி அடைந்துபோனதற்கு அடையாளம்.

கட்டி வைத்ததாலா என்று கேட்டேன். சொல்ல முடியாது, கட்டாமல் இருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார். ஆகாமலும் இருந்திருக்கலாமா என்றேன். அதையும் சொல்ல முடியாது என்றார். இனி சாகிற வரைக்கும் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்க வேண்டும்.

இவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பவும் குடிக்கிறார்.

நீ சொல். பிஸ்கட் கதையை நான் எழுதியபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

எல்சி

*

மடம், சரவாக்
4 செப்டம்பர் 2024

எல்சி,

தெரியும். விரல்கள் கூடவே மூடுகின்றன என்று நீ எழுதிய வரியிலேயே தெரிந்துவிட்டது. உன் சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்று சொல்லலாம். உண்மை அது இல்லை. சொன்னால் நீ என்னை என்ன கேட்பாய் என்று பயந்தேன். முதல் கடிதத்தில் கட்டைவிரலைக் கேட்டபோதும் தெரியும்.

சாவுக்கு மட்டும்தான் இங்கே போன். இதற்கும் மதர் அனுமதி தந்தார். இரண்டு முறை அழைத்தேன். "ஹலோ, யாரு?" என்று உன் குரல் கேட்டது, வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேள். அந்தக் கையைத் துணைக் கையாகவாவது பழக்கலாம். தாளை அழுத்திப் பிடிக்க, பையைத் தாங்க. வயது இருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிடாதே. எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

கேரல்

*

மந்தின்
20 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னைத் திட்டினால் நான் யாரைத் திட்டுவது?

பயிற்சியை விடவில்லை. தினமும் செய்கிறேன். அவன் அழுகிறான், நான் செய்கிறேன். வலது கையால் தாளை அழுத்திப் பிடிக்கச் சொல்லி இடது கையில் கலர்பென்சிலைக் கொடுத்தால், இடது கை கிறுக்கும்போது வலது கையும் தாளைக் கசக்கிவிடுகிறது. பிறகு இரண்டு கையையும் மாறி மாறிப் பார்க்கிறான். எதை நான் செய்தேன், எது தானாகச் செய்தது என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறான். பென்சிலைத் திரும்ப அவன் கையில் வைக்கிறேன்.

இன்று காலைப் பூசையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எல்லாரும் எழுந்து நின்று கைகூப்பினோம். என் இடுப்பில் இருந்த இவான் சுற்றிலும் பார்த்தான். மெதுவாக இடது கையைத் தூக்கினான், வலது கையும் கூடவே எழுந்தது. இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. விரல்கூடக் கோணவில்லை. முன் வரிசைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஐயோ, எவ்ளோ அழகா கும்பிடுறான் பாரு!" என்று ஒருத்தி. "இவன் சாமியாராத்தான் வருவான் எல்சி" என்று இன்னொருத்தி. பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியாரே பீடத்திலிருந்து பார்த்துச் சிரித்தார்.

அவனுக்கு இரண்டு கையாலும் ஒழுங்காகச் செய்ய வருவது இது ஒன்றுதான் அக்கா. இனி எப்போதும் இது ஒன்றுதான்.

பூசை முடியவில்லை. அத்தனை பேர் பார்க்க, நான் அவன் கைகளைப் பிரித்து இழுத்துவிட்டேன்.

எல்சி